சத்தம் நிற்கக் கூடாது

ஜூலை 8, திங்கள்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உப்புக் கம்பெனி வாசலில் எரியும் பெரிய விளக்கின் வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக வந்து தரையில் ஒரு பாய் அளவுக்கு விழும். அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, போன வருஷ அறிவியல் நோட்டின் மீதிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது வைக்க வேண்டும். வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தால் வலிக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு டீச்சர்தான். ஜெபக்கனி டீச்சர். பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை. நான் ஐந்தாம் வகுப்பு. என் தங்கை வேல்மதி ஒன்றாம் வகுப்பு.

காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் டீச்சர் என்னை வாசலுக்கு வரச் சொன்னார்.

"சந்தனம், நான் சம்பள விஷயமா ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வாறேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவேன். நீ வாய்ப்பாடு சொல்லிக் குடு. சத்தம் மட்டும் நிக்கக் கூடாது, என்ன?"

"சரி டீச்சர்."

"யாருகிட்டயும் சொல்லாத. உங்க அம்மாகிட்டயும்தான்."

முன்பெல்லாம் எப்போதாவது ஒரு நாள் போவார். இப்போது தினமும் போகிறார்.

உப்பளத்தில் மரம் கிடையாது, மறைக்கச் சுவரும் கிடையாது. நாங்கள் சத்தமாகச் சொன்னால் அப்பா உப்பு வாரும் பாத்தி வரைக்கும் கேட்கும். அம்மா உப்புப் பாக்கெட் போடும் ஷெட் அதைவிடப் பக்கம். ஒரு வரப்பைத் தாண்டினால் அதன் தகரக் கூரை. வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று எல்லா அம்மாக்களும் நினைத்துக்கொள்வார்கள்.

சத்தம் நின்றால் நான் திருப்பூருக்குப் போக வேண்டும். அங்கே சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சித்தி மறுபடி பனியன் கம்பெனிக்குப் போக வேண்டுமாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அம்மா போனில் சொன்னதை நான் கேட்டேன். "பள்ளிக்கூடம் நடக்குதுல்லா, எப்படி அனுப்ப? அந்த டீச்சரும் நின்னுட்டான்னா பொறவு இவ இங்கன இருந்து என்ன செய்யப் போறா, கூட்டிட்டுப் போ."

ஜூலை 9, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "படிச்சுப் படிச்சுத் தொண்ட போச்சு எம் மவளுக்கு" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். மிளகு ரொம்பக் காரம்.

ஜூலை 11, வியாழன்

சாப்பாடு பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டோவில் வரும். பிள்ளைகளுக்குப் போடும் முன் டீச்சர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் டீச்சர் ஒரு கரண்டி ருசி பார்ப்பார். இப்போது ஒரு தட்டு ருசி பார்க்கிறார். முன்பு கொண்டுவரும் நீல டிபன் டப்பாவைப் பார்த்து நாளாகிறது. பஸ்ஸிலும் வருவதில்லை. மெயின் ரோட்டிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நடந்து வருவது தெரியும்.

இன்று ஆபீஸிலிருந்து வந்தபோது கண் சிவந்திருந்தது. சேலை மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கை கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட சாக்பீஸை எடுத்தவர், உடனே அதை என்னிடம் கொடுத்து, "நீ எழுது, நான் சொல்லுதேன்" என்றார். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

ஆபீஸில் நிறைய எழுத வைப்பார்கள்போல.

வேல்மதிக்கு இன்னும் 'அ' போடத் தெரியவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை மூச்சுவிடாமல் சொல்கிறாள். அப்பா அவளை மேஸ்திரி முன்னால் சொல்லவைத்து மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 15, திங்கள்

ராத்திரி சாப்பிடும்போது அம்மா ஷெட் கதை சொன்னாள்.

"புதுசா ஒருத்தி வந்திருக்கா. தலையில இருந்து கழுத்து வரைக்கும் துணியச் சுத்திக்கிட்டு கண்ணு மட்டுந்தான் தெரியும். வாயே தொறக்க மாட்டக்கா. பேரு கேட்டா தலைய ஆட்டுதா, ஊரு கேட்டா தலைய ஆட்டுதா. செல்லக்கனி அவளுக்கு ஊமச்சின்னு பேரு வச்சிட்டா."

"பாவம், நெசமாவே ஊமையா இருக்கும்" என்றார் அப்பா.

"என்னமோ. கை வேகமே இல்ல. நாங்க ஒரு மூட்ட பாக்கெட் போடுத நேரத்துல அவ தராசையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு கல்லு கூடிறக் கூடாது, கொறஞ்சிறக் கூடாது. தங்கமா நிறுக்கா அவ? செல்லக்கனி கேட்டேபுட்டா, 'ஏட்டி ஊமச்சி, கல்யாணத்துக்கு நகையா செய்யுத'ன்னு."

அப்பா சிரித்தார். வேல்மதி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோருமே முகத்தை மூடிக்கொண்டுதான் செய்வார்கள். வெயில் எதிரடிக்கும். அதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று வகுப்புக்குள் பாம்பு வந்தது.

நாங்கள் எட்டாம் வாய்ப்பாட்டில் இருந்தோம். தண்ணீர்ப் பானை மூலையிலிருந்து அது வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். அலறினால் ஷெட்டிலிருந்து எல்லோரும் ஓடி வருவார்கள். வந்தால் டீச்சர் இல்லாததைப் பார்ப்பார்கள்.

"பெஞ்சு மேல ஏறுங்க! சத்தம் நிக்கக் கூடாது! ஆறெட்டு?"

"நாப்பத்தெட்டு!"

எல்லோரும் பெஞ்சிலும் மேஜையிலும் டீச்சர் நாற்காலியிலும் ஏறி நின்றோம். பாம்பு அறையின் நடுவில் நின்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எட்டாம் வாய்ப்பாட்டை முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அழுதுகொண்டே சொன்னோம். வேல்மதி என் பாவாடையைக் கிழித்துவிட்டாள். பாம்பு மெதுவாகப் படியிறங்கி வரப்புப் பக்கம் போனது.

சாப்பாட்டு நேரத்துக்கு டீச்சர் வந்ததும் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கன்னத்தைத் தொட வந்தவர், கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். மத்தியானம் போனில் யாருடனோ பேசினார். "பொங்கலுக்குப் பொறவு ஒண்ணுமே வரல சார். இல்ல சார், எனக்குப் புரியுது சார். நீங்களும்தான் என்ன செய்வீங்க. அடுத்த வாரம், அடுத்த வாரம்னே போகுது சார்."

சாயங்காலம் அம்மா கேட்டாள், "இன்னைக்கு என்னட்டி, எட்டாம் வாய்ப்பாட்ட அந்தக் கத்து கத்துனிய?"

"டீச்சர் சத்தமாச் சொல்லச் சொன்னாங்கம்மா."

"பாவாட எப்படிக் கிழிஞ்சுது?"

"ஆணி."

 பானை மூலையில் எப்போதும் வேல்மதிதான் உட்காருவாள்.

ஜூலை 19, வெள்ளி

அம்மா சொன்னாள்: "செல்லக்கனி கேலி பண்ணுதா. 'என்னக்கா, உங்க டீச்சர் பன்னெண்டு வரைக்குந்தான் படிச்சிருக்காவளா, ஒரு மாசமா அதத் தாண்ட மாட்டக்காவ'ன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுது. அஞ்சாப்புக்கு இதேதானா?"

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இன்னொன்று. அம்மா ஒரு பை வாங்கி வந்திருக்கிறாள். சிவப்பு, ஜிப் வைத்தது. ஆணியில் மாட்டியிருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பதிமூன்று, பதினான்கு, பதினைந்து எனக்குத் தெரியும். இன்று சொல்லிக் கொடுத்தேன். பதினாறு தெரியாது. வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் கடைசி இரண்டு தாள் இல்லை. டீச்சரிடம் கேட்கலாம் என்று போனேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கேட்கவில்லை.

வீட்டில் அரிசி களையும்போது நானே கூட்டிக் கூட்டிப் போட்டேன். பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று போய் ஆறு பதினாறு தொண்ணூற்றாறு. அதற்கு மேல் ஏழு பதினாறு நூற்றிரண்டு. கடைசியில் பத்து பதினாறு நூற்றைம்பது. முடிவில் பூஜ்யம் வந்தது. சரியாகத்தான் இருக்கும்.

ஜூலை 23, செவ்வாய்

பதினாறாம் வாய்ப்பாடு நன்றாக ராகமாக வருகிறது. காலையில் இருந்து அதையே சொன்னோம். இனி செல்லக்கனி அக்கா கேலி செய்ய முடியாது.

டீச்சர் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. ஆட்டோக்காரரிடம், டீச்சர் பாத்ரூமில் இருக்கிறார் என்றேன்.

ஜூலை 24, புதன்

சாமி, சாமி, சாமி.

முறையாக எழுதுகிறேன். அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரு கூத்து கேளுங்க. ஊமச்சி பேசிட்டா."

"அவ ஊமன்னு நீங்களாத்தான சொன்னிய?"

"பிள்ளைய வாய்ப்பாடு சொல்லுதுவ. நாங்க பாட்டுக்கு பாக்கெட் ஒட்டிக்கிட்டு இருக்கோம். திடீர்னு இவ எந்திரிச்சு நிக்கா. கையில உப்புக் கரண்டி. பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி, 'ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு! நேத்துல இருந்து தப்பாவே சொல்லுதீங்களே!'ன்னு ஒரு அதட்டு. ஷெட்டே கப்புன்னு அடங்கிப் போச்சு. செல்லக்கனி பாக்கெட்டக் கீழ போட்டுட்டா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"இந்த அதட்ட எங்கயோ கேட்ருக்கமேன்னு பாத்தேன். போன வருசம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மைக்குல கேட்ருக்கேன். அவ அப்பிடியே நிக்கா. பொறவு துணிய இன்னும் இறுக்கிக்கிட்டு, கரண்டிய வச்சிட்டு, வெளியே போய்ட்டா. மேஸ்திரி கூப்பிடக் கூப்பிட."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் இங்கன உக்காந்து உப்பு அள்ளுதான்னா, அங்கன வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கது யாருட்டி?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"அக்காதான்" என்றாள் வேல்மதி. "பாம்பு வந்தப்பவும் அக்காதான் சொல்லிக் குடுத்தா."

"பாம்பா?"

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, இருட்டில் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து சிவப்புப் பையை எடுத்தாள். என் பாவாடை சட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள். யூனிஃபார்மை வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம சித்தப்பா வருவாரு" என்றாள்.

ஜூலை 25, வியாழன்

டீச்சர் வரவில்லை. ஷெட்டுக்கும் வரவில்லையாம். நேற்று டீச்சர் திரும்பி வராததால் நான்தான் பூட்டினேன்; சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. வந்ததில் சிலர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

புளியங்கொட்டையைப் பதினாறு பதினாறாக ஏழு வரிசை அடுக்கி எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூற்றாறுடன் பதினாறைக் கூட்டும்போது நான் ஆறை மட்டும் கூட்டியிருக்கிறேன். மீதிப் பத்தை மறந்துவிட்டேன். அந்தப் பத்தை மறக்காமல் இருந்திருந்தால் டீச்சர் எழுந்திருக்க மாட்டார். யாருக்கும் தெரிந்திருக்காது.

பிள்ளைகளை உட்காரவைத்துச் சரியான பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னோம். நாள் முழுவதும் சொன்னோம். ஷெட் பக்கம் பார்த்துச் சொன்னோம்.

ஜூலை 26, வெள்ளி

டீச்சர் வந்தார். வகுப்புக்குள் வரவில்லை. வாசலில் நின்று சாவியைக் கேட்டார்.

"நான் நின்னுக்கிடுதேன் சந்தனம். ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுப் போறேன். வேற யாரையாவது அனுப்புவாங்க."

வேறு யாரும் வர மாட்டார்கள். பெரிய டீச்சருக்குப் பதிலாகவே வரவில்லை. நான் சாவியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இதற்கு முன் டீச்சர் சொன்னதை நான் கேட்காமல் இருந்ததில்லை.

அப்போது வரப்பு மேல் அம்மா வேகமாக வந்தாள். பின்னாலேயே செல்லக்கனி அக்கா. இரண்டு பேரும் தலைத் துணிகூட அவிழ்க்கவில்லை. அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

"எங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கெட் ஒட்டுனியளே டீச்சர். ஊமச்சி ஊமச்சின்னு நாங்க கேலி பண்ணதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்திய?"

"நல்லாத்தான் கேலி பண்ணுனீங்க" என்றார் டீச்சர்.

செல்லக்கனி அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"சிரிக்கத்துக்கு வரல நான். எம் மூத்தவ தப்புத் தப்பாச் சொல்லிக் குடுக்கா. சின்னவளுக்கு ஆனா, ஆவன்னா தெரியாது. இத்தன நாளா அந்தச் சத்தத்த நம்பிக்கிட்டு நாங்க அங்கன குனிஞ்சு கெடக்கோம். உள்ள பாம்பு வந்திருக்கு. ஏதாவது ஆயிருந்தா?"

 டீச்சர் சொன்னார்: "பொங்கலுக்குப் பொறவு எனக்கு ஒண்ணும் வரலக்கா. வராமலே இருந்துட்டா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. வந்தா, வீட்டுல அடுப்பு எரியல. ரெண்டுக்கும் நடுவுல எப்படி நிக்கதுன்னு எனக்குத் தெரியல."

"எங்களுக்குக் கூலி ஒரு வாரம் பிந்துனா மேஸ்திரி சட்டையப் பிடிச்சிருவோம். படிச்சவியளுக்குக் கேக்கத் தெரியலயா?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். யாரு சட்டையப் பிடிக்கதுன்னுதான் தெரியல. ஒவ்வொருத்தரும் மேல கை காட்டுதாங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள். செல்லக்கனி அக்காதான் பேசினாள். "சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஷெட்டுல லைட்டப் போட்டு எட்டு வரைக்கும் ஓட்டுதாவ. மேஸ்திரிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அப்ப வாங்க. தராச மட்டும் தங்கம் மாதிரி பாக்காதிய, உங்களால எங்க வரிசையே பிந்துது."

"ஆனா ஒண்ணு" என்றாள் அம்மா. "பகல்ல நீங்க ஷெட்டுப் பக்கம் தல வச்சிய, நானே வந்து மணியடிச்சுப் பிள்ளையள வீட்டுக்கு அனுப்பிருவேன். ஆமா."

டீச்சர் சரி என்று சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அம்மா போகும்போதும் திருப்பூரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பை இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. உள்ளே என் துணி.

ஜூலை 28, ஞாயிறு

சித்தப்பா வந்தார். அம்மா மீன் குழம்பு வைத்தாள். சித்தப்பா என்னைப் பார்த்து, "என்ன மருமவளே, திருப்பூருல பெரிய பெரிய கடையெல்லாம் இருக்கு தெரியுமா" என்றார். மகளே என்றுதான் கூப்பிட வேண்டும். பயத்தில் நான் திருத்தவில்லை. அப்பா திருத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னையும் வேல்மதியையும் கடைக்கு அனுப்பினாள். சீயக்காய் வாங்கி வா என்றாள். வீட்டில் சீயக்காய் இருந்தது. நாங்கள் ஓடிப்போய் ஓடி வந்தோம். அதற்குள் சித்தப்பா போய்விட்டார். மறுபடி வருவாரா, நாளைக்கு வருவாரா, தெரியவில்லை. அம்மா முகம் கோபமாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

வேல்மதி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

டீச்சர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பிலேயே இருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தார். சம்பளம் இன்னும் வரவில்லை. காலையில் போனில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒன்றாம் வகுப்பைத் தன் காலடியில் உட்காரவைத்து, தரையில் உப்பைக் கொட்டிப் பரப்பி, அதில் 'அ' போடச் சொன்னார். வேல்மதி போட்டாள். வால் மட்டும் தவறான பக்கம் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

பிறகு, "சந்தனம், பதினாறு சொல்லு" என்றார்.

எழுந்து நின்றேன்.  டீச்சர் இருக்கும்போது நான் வாய்ப்பாடு சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. ஆறு வரை எல்லோரும் கூடவே சொன்னார்கள். "ஏழு பதினாறு" என்றதும் எனக்குக் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அறை முழுக்க அமைதி.

வரப்புக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழேயிருந்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்:

"நூத்திப் பன்னெண்டு!"

அதற்குப் பின்னால் ஒரே சிரிப்பு. டீச்சர் துணி சுற்றிய கையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சிரித்தாரா, அழுதாரா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

அம்மா இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். சமைத்தாள். திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்துபோய் ஆணியில் இருந்த சிவப்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கனமாக இருந்தது. சத்தம் வராமல் ஜிப்பைத் திறந்தேன்.

உள்ளே என் துணி ஒன்றுகூட இல்லை. சின்ன வெங்காயம். பை நிறைய.